தோடமலையிற் கிறித்துவரைத் தேடிய வரலாறு

நீலகிரி என்று இக்காலத்து வழங்கும் மலைநாடு, போர்த்துக்கேசியர் கடற்கரையில் ஆட்சி செலுத்திய காலத்து, மலையாள நாட்டிலிருந்த கிறித்துவக் குருமார்க்குத் தோடமலை என்னும் பெயரால் அறிமுகமாயிருந்தது. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அம்மலையைப் பற்றி அவர்தம் செவிக்கு ஒரு செய்தி எட்டியது. அங்கே தோடர் என்றொரு கூட்டத்தார் வாழ்கின்றனர்; அவர்கள் பண்டைக்காலத்துத் தோமையார் வழிக் கிறித்துவரினின்று பிரிந்து மலையேறியவர்; அச்சமயத்தின் சுவடு சிறிதேனும் அவர்பால் எஞ்சியிருத்தல் வேண்டும் என்பது அச்செய்தி.

இஃது அக்காலத்தார்க்கு வியப்பாகத் தோன்றாமைக்குக் காரணம் உண்டு. மலையாள நாட்டிற் கிறித்துவம் போர்த்துக்கேசியர் கொணர்ந்த புதுச்சரக்கு அன்று. வேணாட்டு அய்யனடிகள் கொல்லத்துத் தரிசாப்பள்ளிக்கு அளித்த செப்பேடு 849-ஆம் ஆண்டினது. அதற்கு ஏறக்குறைய முந்நூறு ஆண்டின் முன்னரே, கிரேக்க வணிகராகிய காசுமாசு என்பவர் மலையாளக் கரையிற் கிறித்துவர் இருந்தமையைக் குறித்துள்ளார். அவர்தம் வழிபாட்டு மொழி சிரியம். அவர்தம் தலைவர் பாரசீகப் பகுதியினின்று வந்தவர். 1599-இற் கோவாப் பேராயர் மெனெசிசு உதயம்பேரூரிற் கூட்டிய சங்கம் அவரை உரோமாபுரியின் ஆணைக்கீழ்க் கொணர்ந்தது. பின்னர் அங்கமாலியில் மேற்றிராணியாராக அமர்ந்தவர் சேசு சபையைச் சார்ந்த பிரான்சிசு ரோசு என்பவர். சிரிய மொழியில் வல்லவராகிய அவர்க்குப் பழைய கிறித்துவரின் ஒரு கிளை மலையுச்சியில் உளது என்பது எத்துணை இனிக்கும் செய்தியாயிருந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

1602-இல் ரோசு விடுத்தவர் சிலர் மலைக்குச் சென்று மீண்டனர். அவர் கொணர்ந்த செய்தியால் ஐயம் நீங்காமையின், அடுத்த ஆண்டில் சியாக்கோமோ பெனீசியோ என்னும் இத்தாலியப் பாதிரியார் அனுப்பப்பட்டார். இவர் மலையாளம் பயின்றவர். கோழிக்கோட்டிற் பன்னாள் வாழ்ந்தவர். இந்நாட்டுச் சமயங்களைப் பற்றிப் பெருநூல் ஒன்றும் போர்த்துக்கேய மொழியில் எழுதியவர். அந்நூல் 1933-இற் சார்ப்பெந்தியர் என்னும் சுவீடிய அறிஞராற் பதிப்பிக்கப்பெற்றது. அயற்சமயத்தாரை அறிந்துகொள்ள வேண்டும் என்னும் வேட்கை இவர்க்கு இயல்பிலேயே இருந்தது என்க.

மண்ணார்க்காட்டு வழியே பெனீசியோ மலையேறினார். இந்நாளிற் புகைவண்டியிலும் பேருந்திலும் உதகைக்கும் குன்னூர்க்கும் சென்று மீள்வார், அவ்வழியின் கடுமையை எண்ணிப் பார்த்தல் அரிது. அக்காலத்து மேற்றிசையினின்று அம்மலைக்கு ஏறுவது காடும் செங்குத்தும் கடந்து ஏறுவதேயாம். மேலே அவர் முதலிற் கண்டது படகர் ஊர். பின்னர்த் தோடரைக் கண்டார். அவர் எருமை மேய்த்து வாழ்தலையும், உடன்பிறந்தார் இருவர் ஒருத்தியை மணத்தலையும், எருமைகளைக் காத்துப் பாற்பணி செய்யும் குரு ஒருவர் மனைவியின் நீங்கித் தனித்து உறைதலையும் கண்டு எழுதினார். மகளிர்க்குக் கண்ணாடிகளும் நூற்கண்டுகளும் கொடுத்தபோது அவர்கள் பெரிதும் மகிழ்ந்தனர் என்றும் குறித்தார். தம் சமயத்தை எடுத்துக் கூறவும் செய்தார். ஆயினும், எதனைத் தேடிச் சென்றாரோ அதனை அவர் கண்டிலர். தோடரிடத்துக் கிறித்துவத்தின் சுவடு ஏதும் இல்லை. கோழிக்கோட்டினின்று 1603 ஏப்பிரல் 1-ஆம் நாளிட்டு அவர் எழுதிய மடல் இதனை ஒளியாமற் கூறுகின்றது.

பெனீசியோவின் பெருமை இதன்கண் உள்ளது. விடுத்தவர் விரும்பிய விடை இன்னது என்பதை அவர் அறிவார். எருமைக்குருவின் துறவைக் காட்டி, 'இது கிறித்துவத் துறவியரின் எச்சம்' என்று அவர் எழுதியிருப்பின் மறுப்பார் ஒருவரும் இலர். பாலைத் தூய பொருளாகப் போற்றுதலைக் காட்டி, அப்பமும் கிண்ணமும் திரிந்து இங்ஙனம் ஆயின என்றாலும் நம்பியிருப்பர். அவர் அவ்வாறு எழுதிற்றிலர். கண்டதைக் கண்டவாறு எழுதினார். அம்மடல் முந்நூறு ஆண்டு கையெழுத்தாகவே கிடந்து, ஆங்கில மொழிபெயர்ப்பாக 1906-இல் ரிவர்சு என்னும் அறிஞரது தோடரைப் பற்றிய நூலின் பிற்சேர்க்கையில் வெளிவந்தது. நீலமலையைப் பற்றி ஐரோப்பியர் நேரிற் கண்டெழுதிய பழங்குறிப்பு அதுவே.

இவ்விடத்துத் தமிழ் அளவைநூலார் கூறும் ஒன்று நினைக்கற்பாலது. சிவஞான சித்தியார் நூலைத் தொடங்கும்போதே அளவையைத் தொடங்குகின்றது. பலவாக எண்ணப்பட்ட அளவைகளைக் காட்சி, கருதல், உரை என மூன்றனுள் அடக்குகின்றது. மலையிற் புகை கண்டு ஆங்கு நெருப்பு உண்டெனத் துணிதல் கருதலளவை. ஆயின் அப்புகை உண்மையிற் புகையாதல் வேண்டும். பனிமூட்டத்தைப் புகையெனக் கொண்டு நெருப்பை நாட்டினால் அது ஏதுப்போலியாய் முடியும். நீலமலையில் வாழ்வார்க்கு இவ்வெடுத்துக்காட்டை விளக்க வேண்டா. ஆடித்திங்களில் அங்கே எல்லா மலையும் புகைந்துகொண்டிருப்பன போன்றே தோன்றும். கீழிருந்து நோக்கினார் பனியைப் புகை என்றனர். பெனீசியோ ஏறிச்சென்று பார்த்து, பனியே என்றார்.

பெனீசியோவிற்குப் பின்னர் இருநூறு ஆண்டுக்கு மேல் இப்பேச்சு ஓய்ந்திருந்தது. 1819-இற் கோயமுத்தூர்க் கலெக்டர் சல்லிவன் மலையேறிய பிறகு ஆங்கிலர் குடியேறினர். உடனே தோடர் யார் என்னும் வினா மீண்டும் எழுந்தது. அவர்தம் உயர்ந்த யாக்கையையும் தாடியையும் மூக்கையும் கண்டு, கி.மு. 722-இல் அசீரியர் சமாரியாவை வென்றபின் காணாமற்போன யூதர் பத்துக் குலத்துள் ஒன்று என்றார் சிலர். போர்வையை அவர் தோளில் இடும் வகை கண்டு உரோமர் வழியினர் என்றார் சிலர். கேதியில் 1846-இல் நிலையிட்ட பாசல் சபையாரும், பின் வந்த பிற சபையாரும் படகரிடத்தும் தோடரிடத்தும் தம் வேதத்தைப் பன்னாள் எடுத்துரைத்தனர். இச்செய்தியை நினைவில் வைத்துக்கொண்டு மேல்வருவதை நோக்குதல் வேண்டும்.

கேம்பிரிட்சு அறிஞர் ரிவர்சு 1901-1902-இல் தோடரிடையே தங்கி ஆராய்ந்தார். அப்போது தோடர் ஏறத்தாழ 800 பேரே இருந்தனர். படைப்பைப் பற்றி அவர் தோடர் வாய்க் கேட்டெழுதிய கதை வருமாறு: ஓன் என்னும் தெய்வமும் அவன் மனைவியும் மலைமேற் சென்று இருப்புக் கம்பி ஒன்றை நிறுத்தினர். ஓன் நிலத்தினின்று 1600 எருமைகளை வெளிப்படுத்தினான்; அவன் மனைவி 1800 எருமைகளை வெளிப்படுத்தினாள். ஓன் வெளிப்படுத்திய எருமைகளுட் கடைசி எருமையின் வாலைப் பிடித்துக்கொண்டு ஒரு மனிதன் வெளிவந்தான். அவனே முதல் தோடன். ஓன் அவனது வலப்புறத்து விலாவெலும்பு ஒன்றை எடுத்து அதனாற் பெண்ணை ஆக்கினான்.

விலாவெலும்பாற் பெண்ணை ஆக்கியது யூதர்தம் முதல்நூலாகிய ஆதியாகமத்துக் கதை என்பது எல்லாரும் அறிந்ததே. இதனைக் கேட்டமாத்திரத்தில், 'பெனீசியோ தேடிக் காணாதது இதோ கிடைத்தது' என்று கூவத் தோன்றும். சற்றுப் பொறுத்தல் வேண்டும். இக்கதை தோடரிடம் வரக்கூடிய வழி மூன்று. மலையாளக் கரையின் பழைய யூதரிடமிருந்தோ கிறித்துவரிடமிருந்தோ முன்னரே வந்திருக்கலாம். ஐம்பது ஆண்டாக மலையில் உரைத்த பாதிரிமாரிடமிருந்து அண்மையில் வந்திருக்கலாம். தானே தோன்றியும் இருக்கலாம். இம்மூன்றனுள் இன்னதென்று துணிதற்கு, ரிவர்சுக்கு முன் இக்கதையைக் கேட்டெழுதிய சான்று வேண்டும். பெனீசியோவின் மடலில் அக்கதை இல்லை.

அஃதன்றியும், அத்தோடரே இறந்தார் செல்லும் உலகைப் பற்றி வேறொரு செய்தி கூறுவர். அமுனாடு என்னும் அவ்வுலகு மேற்கே உளது. இடையில் ஓர் ஆறு. அதன்மேல் நூலாலாய பாலம். தீயோர் அதனின்று விழுந்து அட்டைகளாற் கடியுண்பர். இது பாரசீகர்தம் சின்வாத்துப் பாலத்தையும் இசுலாமியர் கூறும் சிராத்துப் பாலத்தையும் ஒத்திருக்கின்றது. விலாவெலும்பால் தோடர் யூதர் ஆவாராயின், பாலத்தால் அவர் பாரசீகரும் ஆதல் வேண்டும். அட்டையோ எந்நாட்டு வேதத்தினின்றும் வந்ததன்று. மழைக்காலத்து மேற்குமலைக் காட்டில் நடந்தார் காலைக் கேட்டால் அதன் மூலம் விளங்கும்.

ஒப்புமை கண்டவழி ஒன்றினின்று ஒன்று பிறந்தது என்று கொள்ளும் இவ்வழக்கு நீலமலையில் தோன்றியதன்று. கிறித்துவம் தோன்றிய நாடுகளிலேயே அது தொன்றுதொட்டு உளது. இயேசு யூதர்; அவர்தம் முதன்மாணாக்கர் யூதர்; அவர்கள் ஓதிய வேதம் யூதர் வேதம். பாசுகாத் திருவிழாவும், நீராடித் தூய்மையுறலும், திருப்பாடல் ஓதுதலும், அரசனாக வரும் மீட்பன் ஒருவனை எதிர்நோக்குதலும் ஆகிய இவை அனைத்தும் அக்குடியிற் பிறந்தவை. உரோமர் 70-ஆம் ஆண்டில் எருசலேம்க் கோயிலை அழித்த பின்னரே யூதமும் கிறித்துவமும் மெல்ல மெல்ல இருவேறு நெறிகளாகப் பிரிந்தன. 1947 முதலாகச் சாக்கடலையடுத்த குகைகளிற் கிடைத்த பழஞ்சுருள்கள், ஒன்றுகூடி உண்ணலும், தூய்மை நீராட்டும், இறுதிக்காலத்தை எதிர்நோக்கலும் அக்காலத்து யூதக் கூட்டத்தாரிடத்தேயே இருந்தமையைக் காட்டின. இவை காட்சியளவையாகக் கிடைத்த சான்றுகள்.

இனி, பிறசமயங்களோடுள்ள ஒப்புமைகள் வேறுவகையின. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த யசுத்தீன் என்னும் கிறித்துவ ஆசிரியர், மித்திரனை வழிபடுவோரும் அப்பமும் நீர்க்கிண்ணமும் வைத்து மந்திரம் ஓதுகின்றனர் என்று கண்டு, பேய்கள் எம் சடங்கைப் பார்த்துச் செய்வித்தன என்று எழுதினார். அக்கருத்தையே தலைகீழாக்கி, மித்திர வழிபாட்டினின்றே கிறித்துவம் திருடியது என்பார் இக்காலத்தாருட் சிலர். உரோம நாடுகளில் மித்திரன் குகைக்கோயில்கள் மிக்கிருந்த காலம் இரண்டு மூன்றாம் நூற்றாண்டுகள். கிறித்துவத் திருவிருந்தைப் பவுலடிகள் தம் மடலிற் குறித்தது முதல் நூற்றாண்டு. கடன் கொடுத்தவர் யார், வாங்கியவர் யார் என்று சொல்லப் பத்திரம் இல்லை. திசம்பர் 25-ஆம் நாளும் அத்தகையதே. அந்நாளைக் கதிரவன் பிறப்புவிழா என்று குறிக்கும் பழஞ்சான்றும், கிறித்து பிறந்த நாள் என்று குறிக்கும் பழஞ்சான்றும் 354-ஆம் ஆண்டினதாகிய ஒரே ஏட்டில் உள்ளன!

கடன் வாங்கியது உறுதியானபோதும் அதனால் விளைவது யாது என்பது தனி வினா. உதகையில் 1829-இல் அடிக்கல் நாட்டிய தூய இசுதேவான் கோயிலின் பெரும் விட்டங்கள், சீரங்கப்பட்டினத்துத் திப்புசுல்தானது அரண்மனையினின்று கொணரப்பட்டவை. மரம் அரண்மனையினது என்பது மெய். அதனால் அக்கோயில் அரண்மனை ஆகிவிடாது, அங்கு ஓதப்படுவது சுல்தானின் தொழுகையும் ஆகாது. மரம் வந்த வழியை ஆராய்வது ஒன்று. எழுப்பிய கோயிலின் பொருளை ஆராய்வது மற்றொன்று.

இவ்வேறுபாட்டைத் தமிழ்நாட்டார் மறத்தற்கில்லை. இப்பூசல் அவர்தம் வாயிற்கும் வந்ததுண்டு. அது வந்ததும் இந்த மலையோடு தொடர்புடைய ஒருவராலேயே. போப்பையர் 1859 முதல் 1870 வரை உதகையில் பள்ளி நடத்தி வாழ்ந்தவர். மார்சல் என்னும் படைத்தலைவர் தோடரைப் பற்றி 1873-இல் நூலொன்று வெளியிட்டபோது, அதன் ஈற்றில் தோடமொழி இலக்கணச் சுருக்கம் ஒன்றைப் போப்பையர் எழுதிச் சேர்த்தார். (மார்சல் தலையோட்டின் மேடுபள்ளங்களைத் தடவிப் பார்த்துக் குணம் கூறும் கலையை நம்பியவர், அக்கலை இன்று மாண்டொழிந்தது, போப்பையரின் இலக்கணச் சுருக்கமோ இன்றும் எடுத்துப் பார்க்கப்படுகின்றது.) சொல்லையும் ஈற்றையும் ஒன்றொன்றாக எண்ணிப் பார்த்து, தோடமொழி யூதமொழியும் அன்று, உரோமர் மொழியும் அன்று, தமிழ் கன்னடம் முதலியவற்றின் இனமே என்று அவர் துணிந்தார். அது பழங்கன்னடத்தின் திரிபு என்று அவர் கருதியதைப் பின்வந்தோர் ஏற்றிலர்; இனம் இன்னதென்ற துணிபு நிலைத்தது.

அதே போப்பையர் 1886-இல் திருக்குறளை ஆங்கிலத்தில் வெளியிட்டார். அதன் முன்னுரையில், மயிலாப்பூர்க் கடற்கரையில் வள்ளுவர் கிறித்துவ ஆசிரியரோடு உலாவி, அவர்தம் கருத்துக்களைக் கேட்டு உட்கொண்டிருப்பார் என்றொரு காட்சியைத் தீட்டினார். நூலின் காலம் 800-க்கும் 1200-க்கும் இடைப்பட்டது என்றும் கொண்டார். மணிமேகலை வள்ளுவரைப் போற்றி அவர் குறளை எடுத்தாள்வதால் அக்காலவரையறை நிற்றற்கில்லை. கடற்கரை உலாவிற்கோ, மலைப்பொழிவிலுள்ள அறமும் குறளின் அறமும் சிலவிடத்து ஒத்தல் தவிரச் சான்று ஒன்றுமில்லை. தோடமொழியிற் சொற்சொல்லாக ஆராய்ந்த கை, குறளிடத்து ஒப்புமையைக் கண்டவுடன் ஆராய்ச்சியைக் கைவிட்டது. அன்பினாலேயே அவ்வாறு செய்தார் என்பதில் ஐயமில்லை. தாம் உயிரினும் மேலாக மதித்த இரண்டு பொருள்கள் ஒன்றாயிருத்தல் வேண்டும் என்று அவர் விழைந்தார். எண்பதாம் அகவையிற் திருவாசகத்தை மொழிபெயர்த்து வெளியிட்டுச் சைவசித்தாந்தத்தின் சிறப்பை மேலைநாட்டார்க்கு எடுத்துரைத்தவரும் அவரே ஆதலின், அவரைப் பகைவர் வரிசையில் நிறுத்துதல் நன்றியின்மையாம். அவர் கூற்றை ஏற்றலோ அறிவின்மையாம். அவர் ஐயமாக வைத்ததைப் பின்வந்தோர் சிலர் துணிபாக்கி, குறளேயன்றிச் சைவசித்தாந்தமும் தோமையார் தந்தது என்னும் அளவிற்குச் சென்றனர். அங்ஙனமாயின், ஆகமங்களும் மூவர் தேவாரமும் மெய்கண்டார் நூலும் தம் காலத்துச் சமணரோடும் பௌத்தரோடும் மாயாவாதியரோடும் வழக்கிட்டுத் தம் கொள்கையை நாட்டிய வரலாறு முழுவதும் பொருளற்றதாய்விடும். கிறித்துவர் என்றொரு சாராரைப் பெயர் சுட்டித் தழுவியோ மறுத்தோ அந்நூல்களில் ஓரிடத்தும் கூற்றில்லை.

இக்குற்றம் ஒருசாரார்க்கே உரியதும் அன்று. 1894-இல் நொட்டோவிச்சு என்னும் உருசியர், இயேசு இந்தியாவிற்கு வந்து கல்வி பயின்றார் என்றும், அவ்வரலாறு லடாக்கு நாட்டு எமிசு மடத்து ஏட்டில் உளது என்றும் எழுதினார். ஆக்கிராவிலிருந்த தக்ளசு என்னும் ஆசிரியர் அம்மடத்திற்கே சென்று தலைவரை வினவி, அத்தகைய ஏடு இல்லை என்று 1896-இல் வெளியிட்டார். பெனீசியோவைப் போன்றே அவரும் ஏறிச்சென்று பார்த்தவர். ஆயினும் அக்கதை இன்றும் இந்நாட்டு மேடைகளில் உலவுகின்றது. 1946-இற் கணேச தாமோதர சாவர்க்கர் மராத்தி மொழியில் எழுதிய நூலொன்று, இயேசு பிறப்பால் தமிழரே என்று கூறிற்று. இவற்றைக் கேட்டு மகிழும் சைவர், போப்பையரின் கடற்கரைக் காட்சியைக் குறைகூற உரிமையிலர். யூதர் ஈராயிரம் ஆண்டாகக் காத்துவந்த மரபை ஒரு சொல்லால் அவரிடமிருந்து பறித்துத் தமிழர்க்கு ஆக்குதல், வள்ளுவரைத் தமிழரிடமிருந்து பறித்தலினும் சிறிய தவறு அன்று.

தோடரைப் பற்றிய தேட்டமும் 19-ஆம் நூற்றாண்டோடு முடிந்திலது. கிரேக்க அரச குடும்பத்துப் பீட்டர் என்பார், தோடர் தம் பால்மனைக் கோயில்களில் ஓதும் மந்திரங்களைக் கேட்டு, அவற்றிற் சுமேரியர் தெய்வப் பெயர்கள் எஞ்சியுள்ளன என்று 1951-இற் சென்னைப் பொருட்காட்சிசாலை வெளியீட்டில் எழுதினார். அவர்க்கு முன்னரே 1935 முதல் 1938 வரை இந்நாட்டில் தங்கித் தோடமொழியைக் கற்றவர் எமனோ என்னும் மொழியறிஞர். அவர் ஆராய்ச்சியால், தோடமொழி பிறிதொன்றன் திரிபு அன்று, தமிழும் மலையாளமும் கோத்தர்மொழியும் பிறந்த குடியிற் பிறந்து தனித்து வளர்ந்த மொழி என்பது தெளிவாயிற்று. தோடர் தம்மை ஓள் என்பர். அது தமிழில் ஆள். அவர்தம் எருமை ஈர். அதற்கும் தமிழ் எருமைக்கும் வேர் ஒன்றே. தூய எருமையின் கழுத்திற் பூண்பது மணி என்றே வழங்கும்.

அம்மந்திரங்களோ வெனில், ரிவர்சும் பிறரும் எழுதிவைத்தவாறு, பெரும்பாலும் பெயர்களின் நிரலே ஆவன. குவர்சம் எனப்படும் திருப்பெயர் எருமைத்தொகுதி ஒவ்வொன்றற்கும் உண்டு. பால்மனைக்கும், தொழுவிற்கும், சுனைக்கும், குன்றிற்கும் உண்டு. மாலைப்போதில் விளக்கேற்றிய பின், குரு பாலையும் தயிரையும் முன்வைத்து, இன்ன மனையின் பொருட்டு, இன்ன சுனையின் பொருட்டு, இன்ன குன்றின் பொருட்டு என ஒன்றன்பின் ஒன்றாக அப்பெயர்களைச் சொல்லி, எருமைக்கும் கன்றிற்கும் நோயின்றி நலம் ஆகுக என்று வேண்டி முடிப்பார். அவற்றுட் பல, அவர் நிற்கும் இடத்தினின்று கண்ணுக்குத் தெரியும் மலைகளின் பெயர்கள்.